மூன்று முறை சரிபார்த்தது

பட்டியலில் ஏழு பேரை நிரப்பியாகிவிட்டது, எட்டாவதில் நிற்கிறேன். செல்வா, பக்கத்தில் ஒரு சமக்குறி, அதற்குப் பிறகு வெறும் இடம். அந்த இடத்தில் கர்சர் விட்டுவிட்டுத் துடிக்கிறது. மாடிப்படிக்கு அடியில் இருக்கிற பழைய சர்வர் பெட்டிக்கு ஆட்களைத் தெரியாது, லாகின் மட்டும்தான் தெரியும். புதிய இடத்துக்கு அது போதாது, ஒவ்வொரு லாகினுக்கும் முழுப் பெயர் சொல்லு என்கிறது. பதினாறு வருஷத்தில் எங்கள் நிரலில் நடந்த ஒவ்வொரு மாற்றமும், யார் செய்தது, என்றைக்கு, எதற்கு என்கிற குறிப்போடு அந்தப் பெட்டிக்குள் அடுக்கடுக்காக இருக்கிறது. பதினொரு மணிக்கு அவ்வளவும் அங்கிருந்து கிளம்ப வேண்டும். இப்போது பத்து பத்து. எங்கே போவது என்று இன்னும் யாரும் சொல்லவில்லை, நான் சொல்ல வேண்டும். நிரலை வைக்கிற இடத்துக்குப் பூனையா நரியா, திரை வரைகிற கருவிக்கு வைரமா பொட்டா. அவற்றின் சின்னங்களை வைத்து நாங்கள் வைத்த பெயர்கள். முதலாளி தேவசகாயம் சாருக்கு ஆங்கிலப் பெயர்கள் எல்லாம் ஒன்று போலக் கேட்கிறதாம், அதனால் ஆபீஸ் முழுக்க இப்படியே ஆகிவிட்டது. ஏம்மா செண்பகம், நாலு நாளா மிருகக்காட்சிசாலை நடத்துதியே, இன்னைக்காவது கூண்டைச் சாத்துவியா என்று காலையில் கேட்டார். சாத்திருவேன் சார் என்றேன். சொல்லும்போது குரலில் கொஞ்சம் கர்வம் இருந்தது, எனக்கே கேட்டது. இந்த ஆபீஸில் இதை முடிவு செய்ய வேறு யாரிடமும் அவர் கேட்க முடியாது.

நரிதான். அது நேற்றே எனக்குத் தெரியும். பூனையை உலகத்தில் எல்லாருக்கும் தெரியும், என்னோடு நிரல் எழுதுகிற சுடலைமுத்து பூனைக்காக நாலு நாளாக வாதாடுகிறான், அவனுடைய சிநேகிதர்கள் எல்லாம் அங்கேதான் இருக்கிறார்களாம். ஆனால் நரியை நம் வீட்டிலேயே கட்டிப்போட்டு வளர்க்கலாம், நம்முடைய புதுப் பெட்டியிலேயே ஓடும். ரத்தப் பரிசோதனை நிலையங்களுக்கு மென்பொருள் செய்கிறவர்கள் நாங்கள். திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி, நாகர்கோவில் வரைக்கும் இருநூற்றுப் பத்து லேப்களில் எங்களுடையது ஓடுகிறது. ஆரம்ப காலத்தில் சோதித்துப் பார்க்க நிஜ ஆட்களின் முடிவுகளையே நிரலுக்குள் போட்டு வைத்திருந்தோம், பழைய அடுக்குகளைத் தோண்டினால் யார் யாருடைய சர்க்கரையோ வெளியே வரும். அது ஊர் தாண்டக் கூடாது. இதைச் சொன்னால் சார் மறுபேச்சுப் பேச மாட்டார். வேண்டுமானால் பழையதெல்லாம் எதற்கு, இன்றைக்கு இருக்கிற நிரலை மட்டும் எடுத்துக்கொண்டு சுத்தமாகப் புதிதாகத் தொடங்குவோம் என்று சுடலைமுத்து சொன்னான். சுத்தமாக. நான் அவனைப் பார்த்தேன். அவன் நாற்காலியைத் திருப்பிக்கொண்டான். வரலாறு இல்லாமல் ஒரு நிரலை எடுத்துப் போகிறவனுக்கு, ஒரு வரி ஏன் அங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும். பழையதும் வர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது நான்தான். பிடித்துவிட்டு, இப்போது எட்டாவது பெயரில் நிற்கிறேன்.

செல்வா என்றால் செல்வநாயகம். என்னைவிட எட்டு மாதம் இளையவன். முதல் நான்கு வருஷம் நிரல் எழுதியவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான், இணைய இணைப்பும் ஒரே கம்ப்யூட்டருக்குத்தான், அது அவன் மேஜையில் இருந்தது. எல்லாக் கம்ப்யூட்டருக்கும் இணைப்புக் கொடுத்தால் வைரஸ் வந்துவிடும் என்று சாருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். சர்வர் பெட்டி அப்போது வெளியூரில் வாடகைக்கு இருந்தது, பிறகுதான் மாடிப்படிக்கு அடியில் வந்து குடியேறியது. ஆகவே நான் எழுதியதைப் பென் டிரைவில் போட்டு, என்ன செய்தேன் என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி, இரண்டையும் அவன் மேஜையில் வைத்துவிட்டுப் போவேன். அவன் ஏற்றுவான். நோட்டில் இருப்பதை எழுத்து மாறாமல் தட்டச்சு செய்வான், அதில் அவனுக்கு ஒரு பிடிவாதம், என் ஆங்கிலத்தில் தப்பு இருந்தால் அந்தத் தப்போடு. பெட்டிக்குத் தெரிந்தது செல்வா என்கிற லாகின் மட்டும். நான்கு வருஷத்து வேலை, இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினான்கு மாற்றங்கள், அத்தனையும் அவன் பெயரில். அப்போது அது ஒரு விஷயமாகவே தோன்றவில்லை. வீட்டு மின்சார இணைப்பு மாமனார் பெயரில் இருக்கிறது, விளக்கு எல்லாருக்கும்தானே எரிகிறது. ஆனால் புதிய இடத்தில் ஒவ்வொருவர் பெயருக்கும் கீழே பச்சைக் கட்டங்கள் வரும், வேலை செய்த நாள் பச்சை, செய்யாத நாள் சாம்பல். எங்களோடு சேரப்போகிற சென்னைக் கம்பெனிக்காரர்கள் அடுத்த மாதம் வந்து அதைத்தான் பார்ப்பார்கள். இந்த மென்பொருளுக்கு யார் தலைமை என்பதை அவர்கள்தான் முடிவு செய்வார்களாம். நேற்று ஒத்திகை ஓட்டத்தில் பார்த்துவிட்டேன். முதலிடம் செல்வா, அவன் மஸ்கட் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இரண்டாவது சுடலைமுத்து. மூன்றாவது நான். என் கட்டங்கள் நிறுவனம் தொடங்கி நாலு வருஷம் கழித்துத்தான் பச்சையாகின்றன. அதற்கு முன்னால் முழுக்கச் சாம்பல், நான் எங்கேயோ சும்மா உட்கார்ந்திருந்த மாதிரி. அந்தச் சாம்பலைப் பார்த்துக்கொண்டே ஒரு பாக்கெட் பிஸ்கட்டைத் தின்று முடித்தேன்.

சமக்குறிக்குப் பின்னால் என் பெயரைப் போட்டால் என்ன. யார் கேட்கப் போகிறார்கள். செண்பகவல்லி என்று தட்டச்சு செய்தேன். அழகாகத்தான் இருந்தது. ஆனால் பில் போடுகிற பகுதி அவன் எழுதியது, அச்சு எடுக்கிற பகுதி முழுக்க அவனுடையது. அந்தக் காலத்துச் சத்தம் போடுகிற பிரிண்டர்களோடு அவன் பட்ட பாடு எனக்குத் தெரியும், அதை எப்படி நான் எடுத்துக்கொள்வது. அழித்தேன். செல்வநாயகம் என்று தட்டச்சு செய்தேன். அப்படியானால் பரிசோதனை அளவுகள் என்னுடையவை, ஆணுக்கு எவ்வளவு, பெண்ணுக்கு எவ்வளவு, கர்ப்பிணிக்கு எவ்வளவு என்று மருத்துவக் கல்லூரி நூலகத்தில் மூன்று வாரம் உட்கார்ந்து எழுதியது என் கை, அதை எப்படி அவனுக்குக் கொடுப்பது. அழித்தேன். ஒரு லாகினுக்கு ஒரு பெயர்தான். ஒருமுறை ஏறிவிட்டால் பிறகு மாற்றுவது நடக்கிற காரியம் இல்லை, எல்லார் கம்ப்யூட்டரிலும் இருக்கிற பிரதிகள் உடைந்துபோகும். கையைத் தட்டச்சுப் பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஏசி காற்று கழுத்தில் பட்டது. மாடிப்படிக்குக் கீழே பெட்டியின் விசிறி ஓடுகிற சத்தம், வருஷக்கணக்காக அது ஓர் ஆபீஸின் மூச்சு மாதிரி, மத்தியானத்துக்கு மேல் இருக்காது. செல்வாவிடமே கேட்கலாம். நம்பர் இருக்கிறது, பொங்கலுக்குப் பொங்கல் ஒரு பானைப் படம் அனுப்புவான். என்னவென்று கேட்பது. உன் பெயரில் இருக்கிறதைத் திருப்பிக் கொடு என்றா. அவன் சிரித்துக்கொண்டே எல்லாத்தையும் நீயே வச்சுக்கோ என்பான். அதுதான் எனக்கு வேண்டாதது. கொடுத்து வாங்குகிற பொருளா அது.

செண்பகக்கா, ஷீட்டுக்குள்ள கொஞ்சம் வாங்களேன் என்று எதிர் மேஜையிலிருந்து ரிஸ்வானா கூப்பிட்டாள். திரைகளை வரைகிறவள் அவள், மேலப்பாளையத்துப் பெண், வந்து ஒரு வருஷம் ஆகிறது. எதிர் மேஜையில் உட்கார்ந்துகொண்டு ஷீட்டுக்குள்ளே வா என்கிறாள், நானும் போகிறேன். இதுதான் பொட்டு, சின்னத்தில் ஐந்து வண்ணங்கள். வைரத்தில் அவள் தனியாக வரைந்து முடித்து எங்களுக்குப் படமாகத் தருவாள், பொட்டில் எல்லாரும் ஒரே தாளுக்குள் ஒரே சமயத்தில் இருக்கலாம், ஒவ்வொருவர் கர்சருக்குப் பின்னாலும் அவரவர் பெயர் சிறிய கொடி மாதிரி ஒட்டிக்கொண்டே வரும். உள்ளே போனதும் என் பெயர் ஆரஞ்சு நிறத்தில் என் அம்புக்குறிக்குப் பின்னால் வந்தது. கையை அசைத்தால் அசைகிறது, நிறுத்தினால் நிற்கிறது. இதைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு சந்தோஷம், வெளியே சொன்னால் சிறுபிள்ளைத்தனம். இங்கே யார் வேலையையும் யார் பெயரிலும் ஏற்ற முடியாது, பெயர் நிழல் மாதிரி கூடவே வருகிறது. பொட்டுதான் என்று அந்த நொடியில் முடிவானது, காரணங்களைப் பிறகு எழுதிக்கொள்ளலாம். ரிஸ்வானாவின் பெயர் நீல நிறத்தில் தாளின் நடுவில் நின்றது. அவள் ரிப்போர்ட் பக்கத்தைப் புதிதாக வரைந்திருந்தாள். அக்கா, இந்த நட்சத்திரத்தை எடுத்துரட்டா, பழைய காலத்து மாதிரி இருக்கு, அளவு கூடுனா சிவப்புலயே நம்பரைப் போட்டுரலாம் என்றாள். அவளுடைய நீலக் கொடி நட்சத்திரத்தின் மேல் போய் உட்கார்ந்தது.

அந்த நட்சத்திரம். இருக்க வேண்டிய அளவுக்கு மேலேயோ கீழேயோ போனால் எண்ணுக்குப் பக்கத்தில் வரும் ஒரு சின்னப் புள்ளி மாதிரியான நட்சத்திரம். போன வருஷம் பாபநாசம் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள், மடியில் ஒரு மஞ்சள் பை. பையிலிருந்து காகிதத்தை எடுத்து விரித்தாள், எங்களுடைய ரிப்போர்ட். ஆங்கிலம் படிக்கத் தெரியாதவள் என்பது காகிதத்தைப் பிடித்த விதத்திலேயே தெரிந்தது. விரலை மேலிருந்து கீழே கொண்டுவந்தாள், நட்சத்திரத்தில் நிறுத்தினாள். அந்த ஒன்றை மட்டும் அவளால் படிக்க முடிந்தது. முக்கூடல் வரைக்கும் விரலை எடுக்கவே இல்லை. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். நான் போட்டதும்மா அது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது, சொன்னால் நோயையே நான் போட்ட மாதிரி ஆகிவிடும். ஆனால் இறங்கி நடக்கும்போது செருப்பு தரையில் படாத மாதிரி இருந்தது. நாலு மாவட்டத்தில் தன் உடம்பைப் பற்றிப் பயப்படுகிற அத்தனை பேரும் முதலில் தேடுகிற குறி, அதை ஓர் ஆள் உட்கார்ந்து யோசித்தாள், அவள் இந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு நடக்கிறாள். நான் யோசிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு ரிஸ்வானாவே பேசினாள். யாரு அக்கா இதை வச்சது, நீங்களா என்றாள். ஆமாம் என்று சொல்வதற்குள், இருங்க, பழைய பெட்டியிலே பாத்துருவோம் என்று தேடிவிட்டாள். செல்வான்னு யாரோக்கா, ரெண்டாயிரத்து ஒம்பது. எழுதி வச்சிருக்காவ பாருங்க. அளவு தாண்டினால் நட்சத்திரம், மூன்று முறை சரிபார்த்தது. அவள் சிரித்தாள். மூணு தடவையாம்லா! கேஸ் அடுப்ப அமத்தினோமான்னு எங்க உம்மா பாக்கிற மாதிரி. நல்ல பயந்த மனுசன் போலுக்கு.

மூன்று முறை சரிபார்த்தது. ஆங்கிலத்தில் இரண்டே சொல். என் நோட்டில் ஒவ்வொரு குறிப்பின் கடைசியிலும் நான் எழுதுவது. செல்வா ஒருநாளும் எழுதமாட்டான், அவன் குறிப்பெல்லாம் ஒரே வார்த்தை, சரிசெய்தது, முடிந்தது. பயந்த மனுஷன் இங்கேதான் இருக்கிறாள் என்று சொல்லவில்லை. சொன்னது இதுதான்: ரிஸ்வானா, முக்கால்வாசி லேப்ல கறுப்பு வெள்ளைப் பிரிண்டர்தான், சிவப்பு சாம்பலா விழும், பக்கத்துல இருக்கிற நல்ல நம்பரைவிட மங்கலாத் தெரியும். சீக்கு உள்ளதுதான் கண்ணுக்குத் தெரியாமப் போகும். அட, ஆமாக்கா, அப்போ இருந்துட்டுப் போட்டும் என்றாள். நீலக் கொடி நட்சத்திரத்தை விட்டு நகர்ந்தது. பதினாறு வருஷத்துக்கு அப்புறமும் காரணம் நிற்கிறது. அதைவிட வேறு என்ன வேண்டும் என்று நினைத்துக்கொண்டே எட்டாவது வரிக்குத் திரும்பினேன். வேண்டும்தான். ஒரு லாகினுக்கு ஒரு பெயர் என்று யார் சொன்னது. அந்தக் கருவி சொன்னது, நான் சொல்லவில்லை. நான் நிரல் எழுதுகிறவள். ஏற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு குறிப்பாகப் படி, கடைசியில் மூன்று முறை சரிபார்த்தது என்று இருந்தால் செண்பகவல்லி, இல்லாவிட்டால் செல்வநாயகம். பன்னிரண்டு வரி. எழுதும்போது விரல்கள் தானாக ஓடின. வெகுநாள் கழித்து அப்படி ஓடின. எண்ணிப் பார்க்கச் சொன்னேன். ஆயிரத்து நானூற்று ஆறு. தொள்ளாயிரத்து எட்டு அவனுக்கு. எழுத மறந்த குறிப்புகள் சில இருக்கும், அவை அவனோடு இருந்துவிட்டுப் போகட்டும். ஆயிரத்து நானூற்று ஆறு என்று மனதுக்குள் சொன்னேன், பரீட்சை முடிவு பார்த்த பெண் போல. மறுபடியும் எண்ணச் சொன்னேன். அதே எண். மூன்றாவது தடவையும்.

பட்டியலை மேலிருந்து கீழே ஓட்டினேன். சாம்பல் கட்டங்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாவது போல இருந்தது. ஹீமோகுளோபின் அளவு, மூன்று முறை சரிபார்த்தது. சிறுநீர் அறிக்கை, மூன்று முறை சரிபார்த்தது. பிறந்த குழந்தைகளுக்கான அளவுகள், மூன்று முறை சரிபார்த்தது. விரல் நின்றது. இது வரும் என்று தெரிந்திருக்க வேண்டும். அன்றைக்குச் சரிபார்த்தது ஒரு முறைதான், ஐந்து பத்து பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. மூன்று முறை என்று பழக்கத்தில் கை எழுதிவிட்டது. வயதை நாள் கணக்கில் பார்க்க வேண்டிய இடத்தில் வருஷக் கணக்கில் பார்த்தது என் நிரல், பூஜ்ஜியம் வருஷம் என்றால் வயது எழுதாதவர், எழுதாதவர் என்றால் பெரியவர். ஒரு வாரம் கழித்துக் கொக்கிரகுளத்து லேப்காரர் கையில் ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்து நின்றார். பொறந்து ரெண்டு நாளுப் பிள்ளைக்கு, நல்லா இருக்கிற பிள்ளைக்கு, மஞ்சக்காமாலைன்னு நட்சத்திரத்தப் போட்டு வச்சிருக்கிய, தாய்க்காரி படியிலேயே மயங்கி விழுந்துட்டா, எவம்ல இதை எழுதுனது என்றார். மானிட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அப்போதைய மானிட்டர்கள் பெரியவை, ஓர் ஆளை மறைக்கும். நான் எழுந்திருக்கவில்லை, தலையை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டேன். செல்வா நாற்காலியை நகர்த்திவிட்டு எழுந்தான். எம்பேர்லதான் சார் இருக்கு, நான்தான் என்றான். பொய் என்று சொல்ல முடியாத ஒரு பொய். அரை மணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டான். அவர் போன பிறகு டீ குடிப்பமா செண்பகம் என்றான். கடை வாசலில் கிளாஸை ஆட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், மூணு தடவன்னு எழுதியிருந்தியே என்றான். நான் டீயையே பார்த்தேன். எழுது, வேண்டாங்கல, இனிமே நெசமா எழுது என்றான். அவ்வளவுதான் அதைப் பற்றி அவன் பேசியது. அதற்குப் பிறகு ஒரு தடவைகூட மூன்று தடவை பார்க்காமல் நான் எழுதியதில்லை. ஆயிரத்து நானூற்று ஆறில் ஒன்று பொய்.

ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும். இந்த ஒரு மாற்றத்தை மட்டும் விதியிலிருந்து விலக்கு. அது அவன் பெயரிலேயே இருக்கும். அவனே வாயால் ஒப்புக்கொண்டதுதான், சாட்சி இந்தத் தெருவே. மஸ்கட்டில் இருப்பவனுக்கு அதனால் என்ன. சென்னைக்காரர்கள் பச்சைக் கட்டத்தை மட்டுமா பார்ப்பார்கள், மென்பொருளுக்குத் தலைமை ஏற்கப் போகிறவள் என்றால் என்னென்ன கோளாறு வந்தது, யாரால் வந்தது என்றும் பார்ப்பார்கள். அடுத்த குறிப்பிலேயே இருக்கிறது, பிறந்த குழந்தைகளின் அளவு தவறு திருத்தம், மூன்று முறை சரிபார்த்தது, அது உண்மையான மூன்று. தவறு அவனுடையது, திருத்தம் என்னுடையது என்று இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். விலக்கு வரியை எழுதினேன். பதின்மூன்றாவது வரி. எண்ணச் சொன்னேன், ஆயிரத்து நானூற்று ஐந்து. நல்ல எண்தான். ஆனால் பார்க்கப் பார்க்க, பல்லில் அகப்பட்ட நார் மாதிரி அந்த ஐந்து உறுத்தியது. தேவசகாயம் சார் தன் அறையிலிருந்து வந்து என் மேஜைக்கும் ரிஸ்வானா மேஜைக்கும் நடுவில் நின்றார். மணி பதினொண்ணு ஆகப் போவுது, என்னம்மா, பூனையா நரியா என்றார். நரி சார் என்றேன். பரிசோதனை முடிவுகள் விஷயத்தைச் சொன்னேன், தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். படத்துக்கு? பொட்டு. ஏன், வைரத்துல என்ன குறை, பேரே நல்லா இருக்கே. சார், வைரத்துல நான் ஒத்தையா வரையணும், தப்பா வரைஞ்சா ரெண்டு வாரம் கழிச்சுத்தான் அக்கா கண்ணுல படும், பொட்டுலன்னா வரையும்போதே பக்கத்துல வந்து நிப்பாவ என்றாள் ரிஸ்வானா. இவ்வளவு நேரம் நட்சத்திரத்தைப் பிடுங்கப் பாத்தேன், அக்கா விடலையே. அது எப்பவோ செல்வா வச்சதுல்லா, அதுல யாரும் கை வைக்கக்கூடாது என்றார் சார். வச்சது யாருன்னே தெரியாமப் பிடுங்கப் பாத்திருக்க. அவள் ஏதோ பதில் சொல்ல, அவர் சிரிக்க, சுடலைமுத்துவும் இங்கே திரும்பி, நரிக்கு என்ன சார் சாப்பாடு போடுவிய என்று கேட்க, என் திரையை யாரும் பார்க்கவில்லை.

பதின்மூன்றாவது வரியின் கடைசியில் கர்சரை வைத்தேன். ஓர் எழுத்து விடாமல் பின்னாலிருந்து அழித்துக்கொண்டே வந்தேன். எண்ணச் சொன்னேன், ஆயிரத்து நானூற்று ஆறு. இரண்டாவது தடவை. மூன்றாவது தடவை. ஓடு என்று பொத்தானை அழுத்தினேன்.